வெளுக்கும் வளி: நம் வட்டாரத் தொழிற்கூடங்களில் குளோரின்

ஒரு வட்டாரத்தின் தொழில் வளத்தை ஆலைகளின் எண்ணிக்கையாலும் விற்பனைத் தொகையாலும் அளப்பது உலக வழக்கு. அவ்வாலைகளில் உழைப்போர் உள்ளிழுக்கும் காற்று எத்தகையது என்பதை அளவுகோலாகக் கொள்வோர் சிலரே. சேலம், நாமக்கல் சமவெளியை இந்த இரண்டாவது அளவுகோல் கொண்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1997-க்கு முன்னர் இவ்விரண்டும் ஒரே மாவட்டமாக இருந்தன. இன்று எல்லைகள் வேறாயினும் தொழில்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மேட்டூரில் வேதித்தொழில், ஆத்தூர், இராசிபுரம், சேந்தமங்கலம் வட்டாரங்களில் ஜவ்வரிசி ஆலைகள், காவிரிக் கரையில் குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களில் நூல் வெளுப்பும் சாயமேற்றலும். வேதியியல், உணவு, ஆடை என இவை மூன்றும் வெவ்வேறு துறைகளாகத் தோன்றும். ஆயினும் இம்மூன்றின் ஊடேயும் ஓடும் இழை ஒன்று உண்டு. அதுவே குளோரின் என்னும் வளி.

இதில் வியப்பு யாதெனில், இவ்வளியோடு நாள்தோறும் பழகும் தொழிலாளரின் வாயில் ‘குளோரின்’ என்னும் சொல் அரிதாகவே வழங்குகிறது. அவர்கள் அறிந்தவை ‘பவுடர்’, ‘லிக்விட்’, ‘ஹைப்போ’, ‘ஆசிட்’ என்பனவே. பவுடர் என்பது பிளீச்சிங் பவுடர். லிக்விட் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். ஹைப்போ என்னும் பெயரோ குழப்பத்தின் உச்சம். பட்டறையில் ஹைப்போகுளோரைட்டைச் சுருக்கி ‘ஹைப்போ’ என்பர். வேதியியல் ஆய்வுக்கூடத்திலும் பழைய ஒளிப்படக் கூடத்திலும் ‘ஹைப்போ’ என்றால் சோடியம் தயோசல்பேட். முன்னது குளோரினைத் தருவது; பின்னது எஞ்சிய குளோரினை நீக்குவது. ஒன்றுக்கொன்று நேர்மாறான இரு பொருள்களுக்கு ஒரே செல்லப்பெயர்! பெயர் மயங்கும் இடத்தில் ஆபத்தும் மறைந்து நிற்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. தமிழ்த்துறை மலரில் ஒரு நச்சுவளியைப் பற்றி எழுத நேர்ந்ததற்கும் இதுவே காரணம்.

குளோரின் பிறந்த கதை

1774-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் கார்ல் வில்லெம் ஷீலே, மாங்கனீசுத் தாது ஒன்றை ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் சேர்த்துச் சூடேற்றியபோது மூச்சைத் திணறடிக்கும் பசுமஞ்சள் நிற வளி ஒன்று எழுந்தது. அது ஒரு தனிமம் என்பதைப் பின்னர் 1810-இல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி நிலைநாட்டி, அதன் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘குளோரின்’ எனப் பெயர் சூட்டினார். ஈண்டு ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அமிலத்தைச் சேர்த்ததால்தான் ஷீலேயின் குடுவையில் அவ்வளி எழுந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் நம் வட்டாரத் தொட்டிகளில் நேரும் தீங்கின் வேர் அதே அமிலச் சேர்க்கையே.

அக்காலத்தில் ஐரோப்பியர் துணியை வெளுக்கப் பட்டபாடு சிறிதன்று. காரநீரில் ஊறவைத்து, புளித்த மோரில் தோய்த்து, புல்வெளியில் விரித்து வெயிலில் காயவிடுவர். நல்ல வெண்மை ஏற மாதக்கணக்காகும். 1785-ஆம் ஆண்டளவில் பிரான்சின் கிளாட் பெர்த்தொலே, குளோரின் சில மணி நேரத்தில் அவ்வேலையை முடிப்பதைக் கண்டுணர்த்தினார். 1799-இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட், நீற்றிய சுண்ணாம்பில் குளோரினை ஏற்றி உலர்ந்த தூளாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அத்தூளே பிளீச்சிங் பவுடர். வளியைச் சுண்ணாம்பில் கட்டிப்போட்டு மூட்டையில் அனுப்பும் வழி என்று இதனைக் கூறலாம். கட்டிப்போடப்பட்டது மீண்டும் அவிழ்ந்துவிடக் கூடும் என்பதுதான் நாம் மறந்துவிடும் செய்தி.

மேட்டூரும் இரட்டைப் பிள்ளைகளும்

காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பெற்றது. நீர்மின்சாரம் கிடைக்கும் இடத்தை நாடி வேதித்தொழில் வந்தது. 1936-இல் மேட்டூர் கெமிக்கல் அண்ட் இண்டஸ்ட்ரியல் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் தொடங்கப்பெற்றது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒருபுறம் காஸ்டிக் சோடாவும் மறுபுறம் குளோரினும் பிரியும். சோப்பு, காகிதம், துணி ஆகிய தொழில்களுக்குக் காஸ்டிக் சோடா தேவை. அதனை ஆக்குவோர் விரும்பினும் விரும்பாவிடினும் குளோரினும் உடன்பிறக்கும். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு ஏறத்தாழ 880 கிலோ குளோரின் என்பது இயற்கை விதித்த கணக்கு. இவ்விரட்டைப் பிள்ளைகளுள் ஒன்றை மட்டும் வளர்த்து மற்றொன்றைக் கைவிட இயலாது. ஆதலால் காஸ்டிக் சோடாத் தொழில் வளர்ந்த இடங்களிலெல்லாம் குளோரினுக்கும் வேலை தேடித் தர வேண்டியதாயிற்று. குடிநீர்த் தூய்மைக்கு அது செய்த தொண்டு அளவிடற்கரியது. காலராவும் குடற்காய்ச்சலும் பின்வாங்கியதில் அதன் பங்கு பெரிது. எனவே குளோரினைப் பகைப்பொருள் என்று ஒதுக்குவது அறியாமையாகும்.

பெரிய ஆலைகளில் இவ்வளி குழாய்களிலும் உருளைகளிலும் அடைபட்டுக் கிடக்கும். அளவு மிகுதி எனினும் கருவிகளும் பயிற்சி பெற்றோரும் அங்கு உண்டு. சிறு ஆலையிலும் பட்டறையிலும் அளவு குறைவு. காவலோ அதனினும் குறைவு. எண்ணிக்கையில் மிகுந்த தொழிலாளர் உழைப்பது இச்சிறு கூடங்களிலேயே ஆதலின் அவற்றையே இங்கு விரித்துரைப்போம்.

ஜவ்வரிசியின் வெண்மை

தென்கிழக்காசியத் தீவுகளில் சேகோ என்னும் ஒருவகைப் பனையின் சோற்றிலிருந்து எடுக்கப்படும் மாவே உண்மையான சேகோ. ‘ஜாவா அரிசி’ என்பதே ஜவ்வரிசி எனத் திரிந்தது என்பாரும் உளர். இரண்டாம் உலகப் போரினால் அவ்விறக்குமதி தடைப்பட்டபோது, 1943-ஆம் ஆண்டளவில் சேலத்து வணிகர் மாணிக்கஞ் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பாரின் துணையோடு மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். அச்சிறு முயற்சி பெருகி இவ்வட்டாரத்தின் அடையாளமாயிற்று. 1981-இல் ஆலையாளர்களின் கூட்டுறவு அமைப்பாகிய ‘சேகோசர்வ்’ பதிவு செய்யப்பெற்றது. 2023-இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. பெருநாள் விருந்திலும் பொங்கல் விருந்திலும் பாயசமாகப் பரிமாறப்படும் அம்மணிகளின் பின்னே உழவர், தோலுரிப்போர், தொட்டியில் இறங்குவோர், களத்தில் காயவைப்போர் எனப் பல்லாயிரவர் உளர்.

கிழங்கைத் தோலுரித்து, கழுவி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தேக்கினால் மாவு அடியில் படியும். எஞ்சும் சக்கையே திப்பி எனப்படுவது. படிந்த மாவை ஈரப்பதத்தோடு குலுக்கி மணிகளாக்கி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் உலர்த்துவர். தோல் முற்றிலும் நீங்கி, நல்ல நீரில் பலமுறை கழுவி, பொறுமையோடு தேக்கினால் மாவு இயல்பான வெண்மை பெறும். தோலுரிக்க ஆள் குறைந்தாலோ, நீர் மாசுபட்டாலோ, காலம் நெருக்கினாலோ மாவின் நிறம் மங்கும். மங்கிய நிறத்திற்குச் சந்தையில் விலை குறைவு. அங்கேதான் வெளுக்கும் பொருள்கள் ஆலைக்குள் நுழைகின்றன. பிளீச்சிங் பவுடர், ஹைப்போகுளோரைட் கரைசல், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றோடு, கசடு விரைந்து பிரியும் பொருட்டுச் சில ஆலைகளில் அமிலமும் சேர்க்கப்பட்டு வந்துள்ளது. சேலம் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையினர் இத்தகைய பொருள்களைப் பன்முறை கைப்பற்றியுள்ளனர். எல்லா ஆலையாளர்களையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று. இயற்கை நிறத்திலேயே விற்போரும், அதற்காக இழப்புக்கு ஆளாவோரும் இருக்கின்றனர்.

செய்தித்தாள்கள் இதனை உண்போரின் நலம் பற்றிய செய்தியாகவே வெளியிடுகின்றன. உண்பவர் உண்ணும் முன்பே, அப்பொருளைக் கையால் அள்ளித் தொட்டியில் கொட்டியவர் அதன் ஆவியை உள்ளிழுத்துவிடுகிறார் என்பது எவர் நினைவிலும் வருவதில்லை. கடையில் நாம் ‘இன்னும் வெள்ளையாக இருப்பதைக் கொடுங்கள்’ என்று கேட்கும் ஒவ்வொரு முறையும், அந்த வேண்டுகோள் தரகர் வழியாகவும் ஏலக்கூடம் வழியாகவும் பயணம் செய்து ஆலைத் தொட்டியின் விளிம்பில் போய் நிற்கிறது. மங்கிய மணியை வாங்கிச் சமைத்தால் பாயசத்தின் சுவையில் ஒரு குறையும் நேர்வதில்லை.

காவிரிக் கரையின் வெளுப்புத் தொட்டிகள்

பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் நெய்தொழிலுக்கு முன்னும் பின்னும் நூலையோ துணியையோ வெளுக்கவேண்டும். பழைய முறையில் நூலை ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊறவைத்து, அலசி, பிறகு நீர்த்த அமிலத்தில் தோய்ப்பர். எஞ்சிய காரத்தைப் போக்கும் படி அது. அலசல் போதாமல் போனால், நூலில் ஒட்டிய கரைசலும் அமிலமும் சந்திக்கும். அப்போது தொட்டியின் மேற்பரப்பில் எழுவது குளோரினே. இன்று ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்கும் முறை பெருமளவு இடம் பெற்றுவிட்டது, அது வரவேற்கத்தக்கது. எனினும் மலிவு கருதிப் பழைய முறையைக் கையாள்வோர் முற்றிலும் மறைந்துவிடவில்லை. சாயப்பட்டறையில் ‘ஹைட்ரோஸ்’ எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டும் உண்டு. அது ஈரம் பட்டால் சூடேறிக் கந்தக ஆவியை உமிழும், தீப்பற்றவும் கூடும். அதனையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே மூலையில் அடுக்கி வைத்தல் பெருந்தவறு.

ஒரு சிறு கணக்கு

பிளீச்சிங் பவுடரோ ஹைப்போகுளோரைட்டோ காரத்தன்மை உள்ளவரை குளோரினைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கும். அமிலம் சேர்ந்தவுடன் அதனை வெளிவிட்டுவிடும். எவ்வளவு வெளிவிடும்? வேதியியல் மாணவர்கள் தாமே சரிபார்க்கத்தக்க கணக்கு இது. நல்ல பிளீச்சிங் பவுடரில் கிடைக்கக்கூடிய குளோரின் நூற்றுக்கு 30 பங்குக்குக் குறையாது. நூறு கிராம் தூளை, அதாவது இரண்டு கைப்பிடி அளவை எடுத்துக்கொள்வோம். போதிய அமிலம் பட்டால் அதிலிருந்து 30 கிராம் குளோரின், ஏறத்தாழ 10 லிட்டர் வளியாக எழும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள மூடிய அறையின் காற்று ஏறத்தாழ 28,300 லிட்டர். அதில் இது முழுதும் பரவினால் பத்து லட்சம் பங்கு காற்றில் 350 பங்கு குளோரின் இருக்கும்.

இவ்வெண்ணின் பொருள் என்ன? பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு அதன் நெடியை உணரும். தொழிற்கூடக் காற்றில் ஒரு பங்கை மீறலாகாது என நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டம் வரம்பு கட்டியிருந்தது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 10 பங்கையே உயிருக்கும் உடல்நலத்திற்கும் உடனடி ஆபத்து விளைவிக்கும் அளவாகக் குறித்துள்ளது. 30 பங்கில் மார்பு வலியும் இடைவிடா இருமலும் வாந்தியும் தோன்றும். 40 முதல் 60 வரையில் நுரையீரல் அழற்சியுறும். ஏறத்தாழ 430 பங்கு அரைமணி நேரத்தில் உயிரைக் கொள்ளும் என்பர். இரண்டு கைப்பிடித் தூள் ஓர் அறையை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை எண்ணிப் பார்க்க. ஆலைகளில் அளக்கப்படுவது கைப்பிடியாலன்று, மூட்டையால்.

மற்றொன்றும் உண்டு. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. புகையைப்போல் மேலெழுந்து கூரை வழியே போய்விடாது. தரையை ஒட்டித் தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். தொட்டியின் உட்புறம், படிக்கட்டின் கீழ், வடிகால் ஓரம் ஆகியவையே அதன் இருப்பிடம். குனிந்து வேலை செய்வோரும், களைப்புற்றுத் தரையில் அமர்வோரும், தொட்டிக்குள் இறங்கிக் கழுவுவோரும் முதலில் தாக்குறுவர். மேற்பார்வையாளர் மேடைமேல் நின்று ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்பது பொய்யன்று. அவருடைய மூக்கு ஐந்தடி மேலே இருக்கிறது.

உடலினுள் நிகழ்வது

குளோரின் நீரை நாடுவது. கண், மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் ஈரப்படலத்தைத் தொட்டவுடன் அதில் கரைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் மாறுகிறது. மென்படலம் வெந்து புண்ணாகிறது. கண்ணீர், எரிச்சல், இருமல், குரல்கம்மல், மார்பு இறுக்கம் ஆகியவை முதற்குறிகள். அளவு மிகுமாயின் வளி நுரையீரலின் நுண்ணறைகள்வரை இறங்கும். அங்குள்ள மெல்லிய சவ்வு கசிந்து, காற்று நிறைய வேண்டிய இடத்தில் நீர் நிறையத் தொடங்கும்.

இங்கே அழுத்திக் கூறத்தக்கது காலத்தாழ்வு. நுரையீரலில் நீர் கோத்தல் உடனே வெளிப்பட வேண்டுவதில்லை. பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம். மாலையில் வளி தாக்கியவர் முகம் கழுவி, சற்றே அமர்ந்து, தேநீர் அருந்தித் தேறிவிட்டதாக எண்ணி வீடு திரும்புவார். நள்ளிரவில் மூச்சுத்திணறல் தொடங்கும். அப்போது வீட்டாருக்கு மாலை நிகழ்ச்சி தெரிந்திராது. மருத்துவரிடம் ஆஸ்துமா என்றோ நெஞ்சுவலி என்றோ கூறுவர். ஆதலால்தான் வளி தாக்கியவரை, அவர் நலமாகத் தோன்றினும், மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்கிறது மருத்துவ நூல்.

ஒருமுறை கடுமையாகத் தாக்குண்டு பிழைத்தோருள் சிலருக்குப் பின்னர் தூசியோ புகையோ குளிர்காற்றோ பட்டாலே மூச்சிரைப்பு வரும் நிலை ஏற்படுகிறது. ஆஸ்துமாவை ஒத்த இந்நிலையை 1985-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டூவர்ட் புரூக்ஸும் அவர்தம் குழுவினரும் தனியாக இனங்கண்டு விளக்கினர். நாள்தோறும் சிறிதளவு உள்ளிழுப்போர்க்குப் பல்லின் மேற்பூச்சு அரிதல், மூக்கில் எரிச்சல், தீராச் சளி இருமல் முதலியன காணலாம். இதில் கொடுமை, மூக்கு பழகிவிடுதல். சில நாள் சென்றால் நெடியே தெரிவதில்லை. ‘எங்களுக்குப் பழகிவிட்டது’ என்று தொழிலாளர் பெருமிதத்தோடு கூறும்போது, பழகியது மூக்கு மட்டுமே, நுரையீரல் பழகுவதில்லை. குளோரின் என்றவுடன் புற்றுநோய் என்று அஞ்சுவாரும் உளர். குளோரின் வளியை உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தவில்லை. இல்லாத தீமையை ஏற்றிக் கூறினால் உள்ள தீமையையும் மக்கள் நம்பமாட்டார்கள்.

நிகழ்ந்தவை

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகர்ப்புறப் போர்க்களத்தில் ஜெர்மானியப் படை உருளை உருளையாகக் குளோரினைத் திறந்துவிட்டது. ஃபிரிட்ஸ் ஹேபர் என்னும் பெரும் வேதியியலறிஞரே அதனை முன்னின்று நடத்தினார். போருக்கெனத் திறந்துவிடப்பட்டதை உலகம் இன்றும் நினைவுகூர்கிறது. அமைதிக் காலத்தில் தவறித் திறந்துகொண்டவை விரைவில் மறக்கப்படுகின்றன. 2005 ஜனவரி 6-இல் அமெரிக்காவின் கிரானிட்வில் என்னும் நெசவாலை ஊரில் தொடர்வண்டி மோதிக் குளோரின் தொட்டி உடைந்தது, ஒன்பதின்மர் மாண்டனர். 2010 ஜூலை 14-இல் மும்பைத் துறைமுகத்தைச் சார்ந்த சேவ்ரிப் பகுதியில் பல ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடந்த பழைய உருளை ஒன்று கசிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனை சென்றனர். உதவச் சென்ற தீயணைப்போரும் அவர்களுள் அடங்குவர். 2022 ஜூன் 27-இல் ஜோர்டானின் அகபா துறைமுகத்தில் பாரந்தூக்கியிலிருந்து தொட்டி ஒன்று விழுந்தது. 13 பேர் உயிரிழந்தனர்.

இவை தொலைவிலுள்ளவை என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. 2021 ஜூலை மாதம் ஈரோட்டை அடுத்த சித்தோடு பகுதியில், வெளுப்புக் கரைசல் ஆக்கும் சிறு ஆலை ஒன்றில் குளோரின் கசிந்தது. ஆலையின் உரிமையாளரே உயிரிழந்தார்; தொழிலாளர் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். குமாரபாளையத்திற்குக் காவிரியின் மறுகரையே அவ்வூர்ப் பகுதி. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இவ்வளி வேறுபாடு காட்டுவதில்லை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

நீதிமன்றம் கேட்ட அட்டவணை

1985 டிசம்பரில் தில்லியிலுள்ள ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வளி கசிந்தது. போபால் பேரழிவு நிகழ்ந்து ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு, அபாயத் தொழிலுக்கு முழுப் பொறுப்புக் கோட்பாட்டை வகுத்ததாகச் சட்ட மாணவர்களுக்குத் தெரியும். அதே வழக்கில் 1986 பிப்ரவரி 17 அன்று, அவ்வளாகத்தின் காஸ்டிக்-குளோரின் பிரிவை மீண்டும் இயக்க அனுமதித்த தலைமை நீதிபதி பி.என். பகவதி அவர்களின் அமர்வு பல நிபந்தனைகளை விதித்தது. அவற்றுள் ஒன்று பரவலாக அறியப்படாதது. குளோரின் மனித உடலில் விளைவிக்கும் தீங்குகளையும், தாக்குண்டவருக்குச் செய்யவேண்டிய உடனடிச் சிகிச்சையையும் விளக்கும் விரிவான அட்டவணையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி ஒவ்வொரு பிரிவிலும் தொங்கவிட வேண்டும் என்பதே அது. தில்லித் தொழிலாளரின் மொழியில் எழுதச் சொன்ன நீதிமன்றத்தின் கருத்தை நம் வட்டாரத்திற்குப் பொருத்தினால், அப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும். இன்று ஜவ்வரிசி ஆலைகளிலும் நூலாலைகளிலும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்தார் மிகுதியாக உழைப்பதால் அவர்தம் மொழிகளிலும் இருத்தல் வேண்டும்.

சட்டம் இதனை வற்புறுத்தாதா எனக் கேட்கலாம். போபாலுக்குப் பின் 1987-இல் திருத்தப்பெற்ற தொழிற்சாலைச் சட்டம், அபாயப் பொருள்களைப் பற்றித் தொழிலாளருக்கு அறிவிக்கும் கடமையை விதித்தது. 1989-இல் வந்த அபாய வேதிப்பொருள் விதிகள் பத்து டன்னும் அதற்கு மேலும் குளோரின் வைத்திருப்போரைக் கருதியே கடுமையான கடமைகளை வகுத்தன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில், மின்விசையுடன் இயங்குமிடம் ‘தொழிற்சாலை’ எனக் கொள்ளப்படுவதற்குரிய ஆள் எண்ணிக்கை 10-லிருந்து 20-ஆகவும், மின்விசை இல்லா இடத்திற்கு 20-லிருந்து 40-ஆகவும் உயர்த்தப்பட்டது. பன்னிருவர் உழைக்கும் வெளுப்புப் பட்டறை முன்னர் தொழிற்சாலையாக இருந்தது. இப்போது அப்பெயருக்கு வெளியே நிற்கிறது. சட்டத்தின் வலைக்கண் பெரிதாகும்போது சிறுமீன்கள் தப்பும். இங்கே தப்பும் சிறுமீன்களோடு தொழிலாளரின் காப்பும் நழுவிப் போகிறது என்பது என் கருத்து.

அறிந்திருக்க வேண்டியவை

வளி கசிந்தால் காற்று வீசிவரும் திசையை நோக்கி, மேட்டுப் பகுதிக்குச் செல்லவேண்டும். தாழ்வான இடத்தில் ஒளியலாகாது. ஈரத்துணியை மூக்கில் கட்டுவது தப்பி ஓடும் அந்தச் சில நொடிக்கு மட்டுமே. கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வதற்கன்று. சாதாரணத் துணி முகக்கவசம் இவ்வளியைத் தடுக்காது. தாக்குண்டவரின் உடைகளைக் களைந்து உடலை மிகுந்த நீரால் கழுவி, கண்களைக் குறைந்தது 15 நிமிடம் நீர் விட்டு அலச வேண்டும். அவரை நடக்கவைக்காமல் சாய்ந்து அமரச்செய்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்; ஆக்சிஜனே முதல் மருந்து. பால், வெல்லம், வாழைப்பழம் என ஊருக்கொரு மருந்து கூறுவர். அவை வயிற்றுக்குச் செல்பவை, புண்பட்டது நுரையீரல். மருத்துவமனைச் சீட்டில் ‘குளோரின் வளி தாக்கியது’ என்று எழுதச் சொல்லுதல் இன்றியமையாதது. பின்னாளில் இழப்பீடு கோரும்போது ‘மூச்சுத்திணறல்’ என்ற ஒரு சொல் மட்டும் துணைநிற்காது.

குளோரின் உருளை பொன்மஞ்சள் வண்ணம் பூசப்பெற்றிருக்கும். கசியும் உருளையின்மேல் நீர் ஊற்றுதல் கூடாது. ஈரக் குளோரின் இரும்பை அரித்துத் துளையைப் பெரிதாக்கும். அம்மோனியா நனைத்த துணியைக் கோலில் சுற்றி அருகே காட்டினால் கசியும் இடத்தில் வெண்புகை தோன்றும். இவற்றைப் பயிற்சி பெற்றோர் உரிய மூச்சுக் கருவியோடு செய்யவேண்டுமேயன்றி, துணிச்சலுள்ள இளைஞர் முன்வந்து செய்யலாகாது. தொட்டிக்குள் மயங்கி விழுந்தவரை மீட்க ஒருவர்பின் ஒருவராக இறங்கி மாண்ட செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம்.

நம் கல்லூரிகளையும் இதிலிருந்து விலக்குவதற்கில்லை. கழிப்பறை தூய்மை செய்வோர் கையில் ஒருபுறம் ‘ஆசிட்’ புட்டியும் மறுபுறம் பிளீச்சிங் பவுடரும் தந்து, ‘நன்றாக வெளுக்கும்படி தேயுங்கள்’ என்று நாமும் சொல்லி அனுப்புகிறோம். மேலே கண்ட பத்தடிச் சதுர அறைக்கும் கழிப்பறைக்கும் வேறுபாடு மிகுதியில்லை. கழிப்பறை இன்னும் சிறியது.

தில்லி அட்டவணையை ஒத்த ஒன்றை நம் வட்டாரத்திற்கு எழுதுவதாயின், தொழிலாளர் வழங்கும் சொற்களையே அதில் ஆளவேண்டும். பண்டிதத் தமிழில் எழுதிய பலகை சுவருக்கு அழகு செய்யுமேயன்றி உயிருக்குக் காவலாகாது. என் முன்மொழிவு இது:

‘பவுடரும் ஆசிட்டும் சேரக் கூடாது. லிக்விடும் ஆசிட்டும் சேரக் கூடாது. ஒரே வாளியில் எடுக்காதே. ஒரே இடத்தில் வைக்காதே. சேர்ந்தால் வருவது விஷக்காற்று. கண் எரிந்தால், இருமினால் வேலையை விட்டு வெளியே வா. காற்று வரும் பக்கம் போ. மேட்டுக்குப் போ. உட்காராதே, படுக்காதே. சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போகாதே, ஆஸ்பத்திரிக்குப் போ. ராத்திரி மூச்சு அடைக்கும்.’

இதனை எழுத ஒரு தகரமும் சிறிது வண்ணமும் போதும். அலுவலக அறையில் மாட்டாமல், அமிலக் கேன்கள் வைக்கும் சுவரில் கண்மட்டத்தில் மாட்டவேண்டும். தமிழ்த்துறை மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊரிலுள்ள ஓர் ஆலைக்குச் சென்று, உரிமையாளரின் இசைவோடு ஒன்றை எழுதித் தரலாம். தமிழுக்குக் கீழே ஒடியாவிலும் இந்தியிலும் வேண்டிய வரிகளை அத்தொட்டியருகே நிற்கும் தொழிலாளரிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம். படிக்கத் தெரியாதார் சிலர் இருப்பர்; அவர்களுக்கு முதல் நாளே ஒருவர் படித்துக் காட்டவேண்டும்.